நாற்பத்து நான்காம் பாட்டு

முப்பத்தொரு வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு ஞானப்பாட்டு எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றைக்கூட எங்கள் சபையில் என் பெயர் சொல்லிப் பாடியதில்லை. இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை, கடுப்பாகச் சொல்கிறேன்.

எங்கள் சபை திண்டிவனத்தில் இருக்கும் ஒரு பழைய மிஷன் கோவில். அதை ஒட்டினாற்போல் பள்ளிக்கூடம். அங்கே நான் தமிழாசிரியராக இருந்தேன். கோவில், பள்ளிக்கூடம் இரண்டிலும் ஒரே ஆளின் ராஜ்ஜியம்தான் நடக்கிறது. அந்த ஆள் செத்து நூற்று நாற்பது வருடம் ஆகப்போகிறது. பெயர் யோஹான் வென்சலர். ஜெர்மன்காரர். 1874இல் வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார், பதினோரு வருடம் பாடம் நடத்தினார், நாற்பத்து மூன்று ஞானப்பாட்டு எழுதினார், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கோவில் சுவரில் பதித்திருக்கிற கல்லில் அவர் வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான்.

தமிழ் கற்றுக்கொண்டு தமிழிலேயே எழுதினார், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மனிதருக்கு உடம்பு மட்டும்தான் திண்டிவனத்துக்கு வந்தது. நாற்பத்து மூன்று பாட்டில் இருபத்தொன்பதில் பனி பெய்கிறது. நான் எண்ணியிருக்கிறேன். ஐந்தாம் பாட்டில் ஆறு உறைந்து போகிறது. பன்னிரண்டாம் பாட்டில் ஆத்துமா அடுப்புப் பக்கத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறி சுடுகாற்றை அள்ளிக் கொட்ட, நானூறு பேர் வேர்த்து வழிந்தபடி ‘உறைபனியில் நடுங்குகிறேன், உம் போர்வை தாரும்’ என்று உருகுவோம். பனி பெய்யாத மீதிப் பாட்டுகளில் அவர் வாத்தியார் ஆகிவிடுவார். பதினேழாம் பாட்டு முழுக்க நேரந்தவறாமை. பரலோக வாசல் காலை எட்டே முக்காலுக்குச் சாத்தப்படும் என்று அதில் வருகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் பதினோரு சரணம். எதையும் விடக்கூடாது.

சபை விதிப்படி பாட்டுப் புத்தகத்தில் இருப்பதை மட்டும்தான் ஆராதனையில் பாடலாம். புத்தகத்தில் அவருடைய நாற்பத்து மூன்றும் மட்டுமே இருந்தன. புதிதாகச் சேர்க்கக் கமிட்டி ஒத்துக்கொள்ள வேண்டும். வருடா வருடம் நான் மூன்று நான்கு பாட்டை நல்ல வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பேன். வருடா வருடம் அது மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். என் எழுபத்தெட்டாம் பாட்டு மட்டும் ஒரு காரணத்தோடு திரும்பியது. அது இப்படித் தொடங்கும்:

கொத்திய காட்டினிலே கொளுத்தும் வெயில் நேரம்
எத்தனை நாள் நான் சுமப்பேன் இந்தத் தலைப்பாரம்
சொல்லாமல் வந்து நின்றாய், சும்மாடு நீ தந்தாய்
இல்லாதார் வீட்டினிலே இருந்துண்ண நீ வந்தாய்

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையைத் தலையில் சுமந்தே என்னைப் படிக்க வைத்த என் அம்மாவை நினைத்து எழுதியது. அவள் தலையில் முடி இல்லாத ஒரு வட்டம் இருந்தது. சுமைக்கு அடியில் சும்மாட்டுத் துணி வைத்து வைத்துத் தேய்ந்த இடம். கமிட்டியின் மூப்பர் அந்தத் தாளைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துப் பார்த்தார். சும்மாடு என்ற சொல் வேதத்தில் எங்கும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வேதத்தில் கம்பளிப் போர்வை இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒன்பது வருடமாக அடக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்த வருடம் மே மாதம் எனக்கு ஓய்வு. அதற்குள் ஒரே ஒரு தடவை சபை முழுக்க வாய் திறந்து என் பாட்டைப் பாட வேண்டும், பாடும்முன் என் பெயரைச் சொல்ல வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூடத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு விழா வந்தது. வென்சலரின் சொந்த ஊரிலிருந்து உர்சுலா என்ற அம்மையார் வருவதாகக் கடிதம் போட்டார். வென்சலரின் தம்பி வழியில் வந்தவர், அவரும் பள்ளி ஆசிரியை. முன்பு ஒருமுறை தமிழ்நாட்டுக்கு வந்தபோது நான்கு மணி நேரம் பேச்சுக் கேட்டுப் பதினாறு பொன்னாடை வாங்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. தயவுசெய்து யாரும் பேச வேண்டாம், உங்கள் ஊர்க் கலை எதையாவது காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்.

எங்கள் போதகர் சகாயராஜுக்குச் சொந்த ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். சின்ன வயதில் கூத்து பார்த்தே வளர்ந்தவர், ஆனால் அதைச் சபையில் வெளியே விடமாட்டார். இப்போது வழி கிடைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வென்சலர் வாத்தியாரின் வாழ்க்கையைக் கூத்தாகப் போடுவோம், கதையைத் தென்னரசு சார் எழுதட்டும் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். தென்னரசு நான்தான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கூத்தில் வருகிற பாட்டெல்லாம் வென்சலர் பாட்டாகவே இருக்க வேண்டும்.

கூத்து வாத்தியார் கோதண்டபாணியைப் பிடிப்பது மந்திரியைப் பிடிப்பது மாதிரி. தை முதல் ஆடி வரை அவருடைய கூத்து ஜமாவுக்கு ஒரு ராத்திரிகூட ஒழிவில்லை. கடைசியில் வேண்டுமானால் ஒரு பகல் தருகிறேன், மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார். வளவனூர்ப் பக்கம் கூத்துக்குப் போகிற வழியில் ஹார்மோனியத்தைப் பழுது பார்க்க விழுப்புரம் வந்திருந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நானும் வாத்தியார், அவரும் வாத்தியார், கதாநாயகனும் வாத்தியார். டீக்கடைக்காரர் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் திரும்பினோம்.

வென்சலர் கதையைச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கோதண்டபாணி இன்னும் வரும் என்று காத்திருந்தார்.

“அதெல்லாம் சரி வாத்தியாரே, எதிரி யாரு?”

எதிரி என்று யாரும் இல்லை, பாடம் நடத்தினார், பாட்டு எழுதினார் என்றேன்.

“எதிரி இல்லாத மனுஷன வச்சிக்கினு ரெண்டரை மணி நேரம் நான் இன்னா பண்றது? சண்டை இல்ல, சபதம் இல்ல, பொண்டாட்டியும் இல்லன்றீங்க. இன்னாத்துக்குத்தான் அந்த ஆளு கப்பலேறி வந்தாரு?”

எனக்கே அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பேசிப் பேசி ஒரு கதை பண்ணினோம். காய்ச்சல்தான் எதிரி. சுரராஜன் என்று பெயர் வைத்து அசுரன் வேஷம் கொடுத்தோம். பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பிள்ளைகள் வந்து சேரும்வரை தாடி எடுக்கமாட்டேன் என்பது சபதம். பெண்டாட்டி மட்டும் வேண்டாம், அவர் பிரம்மசாரி என்று கெஞ்சிப் பார்த்தேன். பெண் வேஷக்காரர் சீனுவாசன் இல்லாத கூத்துக்கு ஜனம் உட்காராது என்று கோதண்டபாணி கறாராகச் சொல்லிவிட்டார். இப்படியாக உர்சுலா அம்மையாருக்கு, அவர் ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு கொள்ளுப்பாட்டி விழுப்புரம் டீக்கடையில் கிடைத்தார்.

சாகிற கட்டத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார். வென்சலர் பாட்டு ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினேன். மூன்றாவது பாட்டின் ஆறாவது சரணத்தில் டீக்கடைக்காரர், பெஞ்சில் இடம் வேண்டும், வியாபாரம் பார்க்க வேண்டும் என்று நாசூக்காகச் சொன்னார். சித்திரை வெயிலில் சாகிற மனிதன் பனியைப் பாடினால் ஜனம் சிரிக்கும், வேறே இல்லையா என்று கோதண்டபாணி சலித்துக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாயில் சனி உட்கார்ந்துகொண்டு எழுபத்தெட்டாம் பாட்டை முணுமுணுக்க வைத்தது.

கோதண்டபாணி டீ கிளாசைக் கீழே வைத்தார். விரல் பெஞ்சில் தாளம் போட்டது. இரண்டாம் தடவை பாடச் சொன்னார். மூன்றாம் தடவை அவரே பாடினார். என் பாட்டை இன்னொரு மனிதன் பாடிக் கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. 

“இது யாரு கட்டின பாட்டு?”

என்னுடையது என்றால் போதகரின் நிபந்தனைப்படி அந்தப் பாட்டு அந்த டீக்கடையோடு சரி. வென்சலர் எழுதியது, நாற்பத்து நான்காவது, பள்ளிக்கூடத்துப் பழைய பீரோவில் இப்போதுதான் கிடைத்தது என்றேன். துரைக்குச் சும்மாடு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். ஊரோடு ஒட்டிப் பழகியவர் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது.

போதகரிடமும் அதையே சொன்னேன். அவர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் ஜனங்களின் தலைச்சுமையை ஒரு வெள்ளைக்காரர்தான் கண்டு எழுத வேண்டியிருந்தது, நாமும்தான் இருக்கிறோமே என்றார். ஒன்பது வருடத்துக்கு முன் சும்மாடு வேதத்தில் இல்லை என்ற அதே மூப்பர், சும்மாடு என்பது கிருபையைக் குறிக்கிறது என்று கமிட்டியில் பத்து நிமிடம் விளக்கினார். மூலத்தாள் எங்கே என்று ஒருவர் கேட்டார். நான் நகல் எடுத்து முடித்ததும் கறையான் தின்றுவிட்டது என்றேன். கறையானைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது என்பதால் விஷயம் அதோடு முடிந்தது. ஒரே கூட்டத்தில் பாட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது.

என் மனைவி பிரபாவதி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது, பாடகர் குழுப் பெண் ஒருத்தி அனுப்பிய பாட்டை செல்போனில் கேட்டிருக்கிறாள். வீட்டுக்குள் வந்து பையைக்கூட வைக்கவில்லை.

“ஊரு ஒலகத்துல அவனவன் அடுத்தவன் பாட்ட எடுத்துத் தன்னுதுன்றான். தன் பாட்டத் தானே திருடி அடுத்தவன் கையில குடுத்த ஆளு நீங்க ஒருத்தர்தாங்க.”

எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். ஒன்பது வருடமாகக் குளியலறையில் வேறென்ன கேட்கிறேன் என்றாள். விழா முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருடக் குடித்தனத்தில் என் நூற்றுப் பன்னிரண்டு பாட்டில் ஒன்றைக்கூட அவள் வாயால் பாடி நான் கேட்டதில்லை. தனக்குக் குரல் இல்லை என்பாள். கோவிலில் வென்சலர் பாட்டுக்கு மட்டும் எங்கிருந்தோ குரல் வந்துவிடும்.

இரண்டு வாரத்தில் பாட்டு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஞாயிறு ஆராதனையில் பாடினார்கள். வளவனூரில் ஒரு துக்க வீட்டில் பாடினார்கள். ரயில்வே கேட் பக்கத்தில் ஆட்டோக்காரர் ஒருவரின் செல்போன் அந்தப் பாட்டில் அடித்தது. எங்கே போனாலும் வென்சலர் இன்னா எழுதியிருக்காரு பாத்தீங்களா சார் என்று என்னிடமே கேட்டார்கள். ஒரு பக்கம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இன்னொரு பக்கம் அந்த ஜெர்மன்காரரின் கல்லறையில் போய் ஒரு உதை விடலாமா என்றிருந்தது.

விழா நாள் வந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல். முன் வரிசையில் உர்சுலா அம்மையார், பக்கத்தில் புதுச்சேரிக் கல்லூரியில் ஜெர்மன் நடத்தும் கலைப்பிரியா, மொழிபெயர்க்க. மூன்று மணி வெயிலில் வேஷக்காரர்களின் அரிதாரம் வழிந்து கழுத்துக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்கு மேலே முதலில் ஒரு கிரீடம் தெரிந்தது. திரை விலகியது. தலையில் கிரீடம், தோளில் புஜக்கீர்த்தி, செக்கச்சிவந்த முகம், இடுப்பு வரை தாடி, வில்லுக்குப் பதில் கையில் சிலேட்டு. யோஹான் வென்சலர் சுற்றிச் சுழன்று ஆடி வந்து, சிலேட்டை ஓங்கித் தாம் ஜெர்மன் தேசாதி தேசங்களை ஆளும் வாத்தியார் மகாராஜன் என்று பாடினார். உர்சுலா அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டார். அது அதிர்ச்சியா சந்தோஷமா என்று கடைசிவரை தெரியவில்லை.

கோமாளியான கட்டியக்காரன் வேஷம் ஜமாவில் மண்ணாங்கட்டி என்பவருக்கு. ராஜாவையும் கேலி செய்யலாம், கூட்டத்தில் இருப்பவரையும் இழுக்கலாம், அவரை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அன்று அவர் எடுத்துக்கொண்ட வேடிக்கை, பார்த்ததையெல்லாம் தன்னுடையது என்பது. கிரீடம் என்னுது என்றார். சிலேட்டு எங்க தாத்தாது என்றார். கூட்டத்திலிருந்து ஆள் ஆளாகக் கூப்பிட்டு அவர்களையும் உரிமை கொண்டாட வைத்தார். எங்கள் மூப்பரையே மேடைக்கு இழுத்து, அந்தத் தாடி என்னுது என்று மைக்கில் சொல்ல வைத்துவிட்டார். மூப்பர் சொன்ன பிறகு பந்தல் அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

சபதம் முடிந்தது. நாற்பதாவது பிள்ளை வந்தது. தாடியை எடுக்கப்போகும் நேரத்தில் சுரராஜன் வந்து வென்சலரை வீழ்த்தினான். சீனுவாசன் ஜெர்மன் மனைவியாகத் தலைவிரி கோலமாய் அழுதார். அப்போது வென்சலராக ஆடிய கோதண்டபாணி கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மண்ணில் சாய்ந்தபடி, ‘கொத்திய காட்டினிலே’ என்று எடுத்தார். பின்பாட்டுக்காரர்கள் எடுக்கும்முன்பே நானூறு பேர் சேர்ந்துகொண்டார்கள். பந்தலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தவர்களும் பாடினார்கள். சும்மாடு நீ தந்தாய் என்ற இடத்தில் நான்கைந்து பெண்கள் தங்களை அறியாமல் தலையைத் தொட்டார்கள். என் அம்மாவும் அப்படித்தான் தொடுவாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பாட்டு அடங்கியதும் உர்சுலா அம்மையார் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். கலைப்பிரியா சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ஊர்க் கோவிலில் வென்சலர் எழுதிய பாட்டுகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் நாற்பத்து மூன்றுதான், இவ்வளவு நல்ல இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? போதகர் பெருமையாக என்னைக் கை காட்டினார். மண்ணாங்கட்டி கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்.

மைக் முன்னால் நின்றேன். பீரோ என்று சொன்னால் பாட்டு அவருக்கே போய்விடும், எனக்கு எந்தச் சேதமும் இல்லை. உண்மையைச் சொன்னால் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பொய்யன் என்று பெயர் வாங்கி ஓய்வு பெறுவேன், ஆனால் பாட்டு என்னுடையது. எதிரே பார்த்தேன். இன்னும் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கண்ணீர் வேண்டும் என்றிருந்தது.

“அது வென்சலர் எழுதினதில்ல. அந்தப் பாட்டு என்னுது.”

 பந்தலே வெடித்துச் சிரித்தது. மூப்பர் தாடி, மண்ணாங்கட்டி கிரீடம், தென்னரசு பாட்டு. வரிசை அவர்களுக்குச் சரியாகத்தான் இருந்தது. சத்தியமா என்னுது, ஒன்பது வருடத்துக்கு முன் கமிட்டி திருப்பிக் கொடுத்தது என்றேன். சிரிப்பு கூடியது. வேதத்தின் மேல் ஆணையாக என்று ஆரம்பித்தேன், விசில் பறந்தது. மண்ணாங்கட்டி என் முகத்துக்கு நேரே நின்றார். அரிதாரத்துக்கு உள்ளேயிருந்து அந்தக் கண் என்னை ஒரு மாதிரி பார்த்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு வேலை சிரிக்க வைப்பது.

“பாட்டு இவருதாம். அப்போ தாடி யாருது?”

மூப்பருது என்று நானூறு பேர் கத்தினார்கள். கலைப்பிரியா காதில் என்ன சொன்னாரோ, உர்சுலா அம்மையார் எழுந்து நின்று எனக்குக் கை தட்டினார். தென்னரசு சாருக்குள் இப்படி ஒரு நடிகர் இருப்பது தெரியாமல் போய்விட்டதே என்று போதகர் பொன்னாடை போர்த்தினார். கூட்டத்தில் பிரபாவதி மட்டும் சிரிக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் மண்ணாங்கட்டி தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெய்யாலுமே உங்களுதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நெனச்சேன் என்று சொல்லிவிட்டு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். போதகர் வீட்டுக்கே போய் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்கு மோர் கொடுத்து, கூத்து முடிஞ்சி ஒரு மாசமாச்சி சார், வேஷத்தக் கலைங்க என்றார். எழுதின நோட்டைக் காட்டினேன். நல்ல கையெழுத்து, அழகாக நகல் எடுத்திருக்கிறீர்கள் என்றார். பாட்டுப் புத்தகத்தின் புதிய பதிப்பில் நாற்பத்து நான்காம் பாட்டு, யோஹான் வென்சலர் என்று அச்சாகிவிட்டது. மே மாதம் எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. என் கௌரவத்துக்காகச் சபையே எழுந்து நின்று அந்தப் பாட்டைப் பாடியது. கொடுத்த கேடயத்தில் ‘பாட்டைக் கண்டெடுத்த பண்பாளர்’ என்று பொறித்திருந்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று கர்த்தர் நினைத்திருப்பார்.

ஆனி மாதம் மண்ணாங்கட்டியிடமிருந்து போன் வந்தது. கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு ஊரில் அம்மன் கோவிலில் பாரதத் திருவிழா, பதினெட்டாம் நாள் காலையில் போர் முடிகிற படுகளம், வீட்டம்மாவோடு கட்டாயம் வாருங்கள் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. படுகளம் பார்க்க ஓய்வு பெற்ற மிஷன் வாத்தியார் போகலாமா என்று யோசித்தேன். பிரபாவதி லீவு போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. வயல்வெளியில் பாரதப் போரில் தோற்று வீழும் ராஜாவை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். ஐம்பதடி இருக்கும். சுற்றிலும் இரண்டாயிரம் பேர். இடம் தேடி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், எங்களுக்கு முன்னால் தலையில் துண்டு போட்டு மூடிக்கொண்டு ஒருவர். திரும்பினார். போதகர் சகாயராஜ். சொந்த ஊராம். ஜனங்களின் பண்பாட்டை அறிந்துகொள்ள வந்தேன் என்றார். நாங்களும் அதற்குத்தான் என்றோம்.

கூந்தலை விரித்துப் போட்டிருந்த அம்மன் வேஷத்தில் சீனுவாசன் வந்து நின்றார். சபதம் முடித்துக் கூந்தலை முடிகிற கட்டம். அதற்கு முன், சேலை தந்து மானம் காத்த அண்ணனை நினைத்து ஒரு பாட்டு. மண்ணாங்கட்டி மைக்கைப் பிடித்தார். புதுப் பாட்டுப் பாடினால் கட்டியவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாட வேண்டும், சொல்லாவிட்டால் பாடுகிறவன் நாக்குக்கு ஆகாது என்பது அவர்கள் ஜமா வழக்கமாம். அது எனக்கு அன்றுதான் தெரியும்.

“இப்ப அம்மா பாடப்போற பாட்டு, திண்டிவனம் தென்னரசு வாத்தியார் கட்டின பாட்டு.”

முகவீணை எடுத்தது. கொத்திய காட்டினிலே கொளுத்தும் வெயில் நேரம். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. எங்கள் ஆண்டவருக்கு எழுதிய பாட்டு, அவர்கள் அம்மனுக்கும் அவள் அண்ணனுக்கும் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்திவிட்டது. போதகர் துண்டை விலக்கி என் பக்கம் திரும்பினார். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

“சார், நம்ம வென்சலர் பாட்டத் திருடிட்டாங்க. அது போதாதுன்னு உங்க பேர வேற போடறாங்க. நான் எழுந்து சொல்லட்டுமா?”

“வேணாங்க ஐயா. தெரியாமச் செய்றாங்க, மன்னிச்சிடுங்க” என்றேன்.

அவர் என் பெருந்தன்மையை மெச்சிவிட்டுத் திரும்பிக்கொண்டார். இரண்டாம் சரணத்துக்கு முன் மண்ணாங்கட்டி வழக்கப்படி மறுபடியும் பெயரைச் சொன்னார். வயல்வெளி முழுக்க ஒலிபெருக்கியில் தென்னரசு வாத்தியார், தென்னரசு வாத்தியார் என்று எதிரொலித்தது. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். களத்துமேட்டிலிருந்து நேராக வந்திருப்பாள்போல, தலையில் சும்மாட்டுத் துணி அப்படியே இருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர்.

“அந்தத் தென்னரசு வாத்தியார் நான்தாம்மா” என்றேன். முப்பத்தொரு வருடமாகச் சொல்லக் காத்திருந்தது.

“யாரா வேணா இருந்துட்டுப் போ. குந்து சாமி, மறைக்குது. பாட்டு கேக்க வேணாவா?”

உட்கார்ந்துவிட்டேன். ஜனங்கள் சேர்ந்து பாட ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்தில் தாளம் கொஞ்சம் தப்பி, சுருதி ரொம்பவே தப்பி ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பிரபாவதி பாடிக்கொண்டிருந்தாள்.